சேமித்தது யார் வயிற்றில்?

சிக்கனத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாதார் இல்லை. பழமொழி பேசுகிறது, நீதிநூல் பேசுகிறது, பள்ளிப் பாடம் பேசுகிறது, இதழ்களின் மகளிர் பக்கம் ஓயாமல் பேசுகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பர்; சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பர்; சிறுதுளி பெருவெள்ளம் என்பர். நல்ல சொற்கள்தாம், மறுப்பார் யார்? வரவறியாது செலவிடும் வீடு வாழாது என்பதை நாமும் அறிவோம். மாதத்தின் முதல் வாரத்தில் மளிகைக் கடைக்காரர் முகமலர்ச்சியும், கடைசி வாரத்தில் அவர் முகவாட்டமும் காணாத நடுத்தரக் குடும்பம் நாட்டில் எங்கே இருக்கிறது?

ஆனால் ஒன்று கேட்கிறோம். இத்தனை அறிவுரையும் யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? சம்பளத்தை எண்ணி வாங்குகிறவனை நோக்கியா, அரிசியை அளந்து போடுகிறவளை நோக்கியா? வீடு சுருங்கும்போது முதலில் சுருங்குவது எது? அவன் வெற்றிலைப் பெட்டியா, அவள் சோற்றுத் தட்டா?

இக்கேள்வியோடு நம் இலக்கியத்தைப் புரட்டிப் பார்ப்பது பயனுள்ள வேலை என்று கருதுகிறோம். இலக்கியம் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடி என்று மேடைதோறும் முழங்குகிறோம். அக்கண்ணாடியில் சமையற்கட்டும் தெரிகிறதல்லவா? அங்கே யார் உண்கிறார், யார் உண்ணாதிருக்கிறார் என்பதையும் ஒருமுறை நோக்குவோம்.

பொற்கிண்ணம்

நற்றிணையின் 110-ஆம் பாடல் போதனார் பாடியது. தமிழாசிரியர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் பாடல்களுள் இதுவும் ஒன்று. செல்வர் வீட்டுச் சிறுமி ஒருத்தி. தேன் கலந்த பால் பொற்கிண்ணத்தில் இருக்கிறது. நரை முதிர்ந்த செவிலியர் சிறுகோல் ஒன்றை ஓங்கி, உண்ணும்படி அவளை அச்சுறுத்துகின்றனர். அவளோ காற்சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடுகிறாள். முதியவர் ஓடிக் களைக்கின்றனர், அவள் பிடிபடவில்லை.

அந்தச் சிறுமி வளர்ந்தாள், மணந்தாள், புகுந்த வீடு வறுமையுற்றது. தந்தை வீட்டில் வளமான சோறு உண்டு. ஆனால் அதை அவள் நினைத்துப் பார்க்கவும் இல்லை. ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு வாழ்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று தாய் வியந்து பேசுவதாகப் பாடல் அமைந்திருக்கிறது.

அழகிய பாடல், ஐயமில்லை. பால் வேண்டாம் என்று ஓடிய கால்களையும், சோறு இல்லாதபோது ஓடாமல் நின்ற கால்களையும் ஒரே பாட்டில் காட்டிய புலவர் பெரும்புலவரே. ஆயினும் நாம் ஒன்று கேட்கிறோம். அவள் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டாள். அவன் என்ன உண்டான்? அவனும் ஒருவேளையை விட்டானா? இருவரும் கூடியிருந்து அந்த முடிவுக்கு வந்தனரா? பாடல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை புலவருக்கு இல்லை; அவர் எடுத்துக்கொண்டது தாயின் மனம். தாய் மகளைத்தான் பார்ப்பாள். தாயின் வியப்புக்குள் ஒரு வேதனையும் இருக்கிறது. வேதனை இல்லையென்றால் அந்தப் பொற்கிண்ணம் அவள் நினைவுக்கு ஏன் வருகிறது?

குறை பாட்டில் இல்லை; பாடம் நடத்துவதில் இருக்கிறது. வியப்பை எடுத்துக்கொண்டு வேதனையை விட்டுவிடுகிறோம். கணவன் குடி வறுமையுற்றால் மனைவி பசித்திருப்பதே அறிவு, அதுவே ஒழுக்கம் என்று விளக்கம் சொல்லி மணி அடித்ததும் வெளியேறுகிறோம். வகுப்பில் நம் எதிரே இருக்கும் பெண்பிள்ளைகளுள் காலையில் உண்ணாமல் வந்தவர் எத்தனை பேர் என்று அன்று கேட்பதில்லை. பசியை அறமென்று கற்றுக்கொண்ட பிள்ளை, பசிக்கிறது என்று எப்படிச் சொல்லும்?

அது காதலால் ஏற்ற பசி, அதைத் தராசில் நிறுக்கலாமா என்று சில அன்பர்கள் கேட்பர். நிறுக்கத்தான் வேண்டும். காதல் இருவருக்கும் பொது. காதலின் பெயரால் வரும் பசி மட்டும் ஒருவருக்கு உரியதாக இருப்பது ஏன்?

உப்பில்லாக் கீரை

அக்காலத்துப் புலவர் எல்லாரும் ஒருத்தியின் பசியை மட்டும் பாடினர் என்று எண்ணிவிட வேண்டா. சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். நல்லியக்கோடன் என்னும் வள்ளலைப் பற்றி நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாணன் தன் பழைய வறுமையை அதிலே சொல்கிறான். அவன் வீட்டுச் சமையற்கட்டில் நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலுக்கு முட்டுகின்றன. தாய்நாயின் மடியிலோ பால் இல்லை. சுவரைக் கறையான் அரிக்கிறது, காளான் பூக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. அறியாதார் கண்டால் நகைப்பரே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். பிறகு, பெரிய சுற்றத்தோடு எல்லாரும் ஒருங்கே அமர்ந்து அதை உண்கின்றனர்.

இந்தக் கடைசிச் செய்தியைக் கருத்தில் கொள்ளுங்கள். நற்றிணைப் பெண்ணின் வறுமையைவிட இவ்வீட்டு வறுமை கொடியது. அங்கே ஒருவேளையேனும் சோறு உண்டு. இங்கே உப்பில்லாக் கீரைதான் உண்டு. ஆயினும் பந்தி ஒன்று. கீரையைக் கிள்ளியவள் வழித்துத் துடைத்த சட்டியோடு கடைசியில் தனியே அமரவில்லை. இல்லாமையை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டனர்.

புறநானூற்றின் 163-ஆம் பாடல் இன்னொரு வீட்டைக் காட்டுகிறது. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்புகிறார். மனைவியிடம் செல்வத்தைக் கொடுத்து என்ன சொல்கிறார்? உன்னை விரும்பி வாழ்வோர்க்குக் கொடு; நீ விரும்பும் மகளிர்க்குக் கொடு; நம் பசி தீர முன்பு உனக்குக் கடன் தந்தாரே, அவர்க்கும் கொடு. இன்னார்க்கு என்று பார்க்காதே, என்னிடம் கேட்டுக்கொண்டிராதே, இதை வைத்துக்கொண்டு சிக்கனமாக நெடுநாள் வாழலாம் என்றும் எண்ணாதே, எல்லார்க்கும் கொடு என்கிறார். அவளை அவர் அழைக்கும் சொல்லின் பொருள் மனைக்கு உரிமை உடையவள் என்பது.

பரிசில் பெற்றவன் தாராளம் பேசுவது எளிது என்று சிலர் நகைக்கக்கூடும். நாம் காண்பது வேறு. கணவர் ஊர் ஊராக வள்ளலைத் தேடி நடந்த நாள்களில் வீட்டை நடத்தியது யார்? அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அளந்து வாங்கி உலை வைத்தவள் இவள். அப்படி அளந்து வாங்கி அதே அளவு திருப்பித் தரும் கைம்மாற்றுக்குக் குறியெதிர்ப்பை என்று பழந்தமிழில் ஒரு பெயரே இருந்தது. இன்றும் ஒரு தம்ளர் சர்க்கரையும் ஓர் ஆழாக்கு அரிசியும் சுவர்தாண்டிப் போய் வருகின்றனவே, அதே வழக்கம்தான். வட்டி இல்லை, சீட்டு இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஏழை வீட்டுப் பெண்கள் தமக்குள் நடத்திவரும் வங்கி அது. அந்தக் கடன் அவளுடைய சொல்லால் வந்தது என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். ஆகவே செல்வம் வந்ததும் கணக்கை அவளிடமே ஒப்படைக்கிறார். என்னைக் கேளாதே என்கிறார்.

மூன்று பாடல்கள், மூன்று வீடுகள். மூன்றிலும் வறுமை உண்டு. ஒன்றில் பெண் பசித்திருக்கிறாள். மற்றொன்றில் எல்லாரும் பகிர்ந்து உண்கின்றனர். வேறொன்றில் பொருள்மீது பெண்ணுக்கு ஆட்சி இருக்கிறது. இம்மூன்றில் எதை நாம் பெண்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டினோம்? முதலாவதை அல்லவா? ஏன்?

மன்னனுக்குச் சொன்னது

வள்ளுவரை மேற்கோள் காட்டாமல் சிக்கனம் பேசுவார் இல்லை. குறளின் ஆறாம் அதிகாரம் வாழ்க்கைத் துணைநலம். அதன் முதற்குறளில் இல்வாழ்க்கைக்குத் தக்க நற்பண்பும், வளத்திற்குத் தக்க வாழ்வும் மனைவிக்கு வேண்டும் என்கிறார் வள்ளுவர். கொண்டவனது வருவாய்க்குத் தக்க வாழ்க்கை என்று பரிமேலழகர் உரை கொள்கிறார். மணமேடைகளில் வாழ்த்துரை வழங்குவோர் இக்குறளைச் சொல்லி மணமகள் பக்கம் திரும்பிப் புன்னகை புரிவது வழக்கம். மணமகன் பக்கம் எவரும் திரும்புவதில்லை.

அவன் பக்கம் திரும்பச் சொல்லும் குறள்களும் உண்டு. பழிக்கு அஞ்சிப் பொருள் ஈட்டி, பகுத்து உண்பவன் வாழ்க்கை குறைவுபடாது என்று அதற்கு முந்திய இல்வாழ்க்கை அதிகாரத்திலேயே அவர் கூறியிருக்கிறார். பகுத்து உண்பது வாயிலில் வந்து நிற்பவனோடு மட்டும்தானா? அடுப்படியில் நிற்பவளோடும் அல்லவா?

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. வருவாயின் வழி சிறிதானாலும் செலவின் வழி அகலாவிட்டால் கேடில்லை என்னும் கருத்தும், அளவறிந்து வாழாதவன் வாழ்க்கை இருப்பதுபோல் தோன்றி இல்லாமற் கெடும் என்னும் கருத்தும் குறளில் எங்கே வருகின்றன? இல்லறவியலில் இல்லை. பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில், வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தில் வருகின்றன. வலியறிதல் யாருக்கு? மன்னனுக்கு! செங்கோல் பிடித்தவனை நோக்கிச் சொன்ன அறிவுரையை எடுத்துச் சென்று, கரண்டி பிடித்தவளின் தலையில் வைத்துவிட்டோம்.

குடும்பத்திற்கு அது பொருந்தாது என்று சொல்லவில்லை. எவர்க்கும் பொருந்தும். ஆனால் முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை மறைக்கலாமா? பொருள் வரும் வழிகளை ஆக்கலும், சேர்த்தலும், காத்தலும், பங்கிட்டுக் கொடுத்தலும் வல்லதே அரசு என்று இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். காத்தல் அவ்வரிசையில் மூன்றாவது. ஆக்கமும் சேர்ப்பும் இல்லாத வீட்டில் எதைக் காப்பது? பங்கீடு இல்லாத வீட்டில் யாருக்காகக் காப்பது?

ஔவையாரின் நல்வழியும் முதலுக்குமேல் செலவு செய்தால் வரும் கேடுகளை அடுக்கிச் சொல்கிறது. மானம் போகும், மதி கெடும், போன திசையெல்லாம் திருடன் என்ற பெயர் வரும், நல்லவர்க்கும் பொல்லாதவன் ஆக நேரும். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்வோம்: அங்கே பழிக்கப்படுகிறவனைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் ஆண்பால் ஈறு பெற்றவை. பாடியவரோ பெண்பாற் புலவர் என்பது மரபு. செலவைப் பெருக்கி வீட்டைக் கெடுப்பவன் யார் என்பதில் ஔவைக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

விளக்கும் எண்ணெயும்

நம் காலத்துக்கு வருவோம். புரட்சிக்கவிஞர் பாரதிதாசனின் குடும்ப விளக்கு 1942-இல் வெளிவரத் தொடங்கியது. மன்னரையும் தெய்வங்களையும் பாடிவந்த தமிழில், கோலமிடுவதும் குழந்தைக்குப் பாடம் சொல்வதும் மாமன் மாமியைப் பேணுவதும் காவியப் பொருள் ஆயின. ஒரு சாதாரண இல்லத்தின் ஒரு நாளைக் கவிதையாக்கி, அந்த இல்லத்தின் ஒளி கல்வி கற்ற பெண்ணே என்று நாட்டிய பெருமை அவருடையது. கல்லாமை குடிகொண்ட வீடு எப்படிச் சீர்கெடும் என்பதை இருண்ட வீட்டில் எள்ளி நகையாடினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த சமுதாயத்திற்கு அவ்விரு நூல்களும் தக்க மறுமொழிகள்.

அவர் வழிவந்தோர் என்ற உரிமையோடே அந்நூலையும் கேள்வி கேட்கிறோம். விளக்கு என்றார் கவிஞர். விளக்கு எரிய எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் எது? விடியுமுன் எழுந்து எல்லார்க்கும் பிறகு உறங்கும் அப்பெண்ணின் நாளில், அவளுக்கென்று உரிய நாழிகை எத்தனை? கல்வி அவளுக்கு ஒளி தந்தது; ஓய்வு தந்ததா? வேலையைத் திறம்படச் செய்யும் பெண்ணைப் போற்றினோம், சரி. வேலையைப் பங்கிடும் ஆணைப் போற்றுவது எப்போது?

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி எங்கே, ஒன்றரை மணி எங்கே!

சிக்கனத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பீர்களா? நெருங்கிய தொடர்பு உண்டு. மசாலைப் பொடியைக் கடையில் வாங்காமல் மிளகாயும் மல்லியும் வாங்கி வெயிலில் காயவைத்து அரைத்தால் காசு மிச்சம். அருகிலுள்ள கடையை விட்டுத் தொலைவிலுள்ள சந்தைக்கு நடந்தால் காய்கறியில் காசு மிச்சம். கிழிந்ததைத் தைத்தால் மிச்சம். வடாம் வற்றல் வீட்டிலேயே போட்டால் மிச்சம். மிச்சப்பட்டது காசு, செலவானது என்ன? அவளுடைய நேரமும் முதுகெலும்பும். வீட்டுக் கணக்கில் மிச்சம் மட்டும் ஏறுகிறது. அந்தச் செலவு ஏறுவதே இல்லை. ஏறாத செலவு, செலவே இல்லை என்று ஆகிவிடுமா?

புதுமைப்பித்தனின் செல்லம்மாள் என்னும் சிறுகதையையும் இங்கே நினைக்க வேண்டும். சென்னையில் துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை; நோயில் நலிந்த மனைவி செல்லம்மாள். சம்பளம் போதாது, மருத்துவம் எட்டாது. கடை வேலை முடிந்து வந்து அவர் அடுப்பு மூட்டுகிறார், கஞ்சி வைக்கிறார், அவளைத் தேற்றுகிறார். அவளுக்குப் புடவை எடுத்துத் தர ஆசை. அதற்கும் கடையை நம்ப வேண்டியிருக்கிறது. ஆண் அடுப்பு மூட்டுவதைக் கதாசிரியர் அதிசயமாக்கவில்லை. அவள் நலிவை அறமாக்கவும் இல்லை. போதாத சம்பளத்தில் ஓர் உயிர் மெல்லத் தேய்ந்தது என்று மட்டும் காட்டிவிட்டு நிறுத்துகிறார். வறுமைக்கு மாலை சூட்டாத அந்த நேர்மை, நம் சிக்கன உபதேசிகளுக்கு வேண்டும்.

பிடியரிசிக் கணக்கு

இனி அடுப்படிக்கே சென்று கணக்குப் பார்ப்போம். பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பர். மாதக் கடைசியில் அது கைகொடுக்கும். பிடிக்கு 50 கிராம், நாளுக்கு இருமுறை என்றால் மாதம் 3 கிலோ. ஆண்டுக்கு 36 கிலோ. கிலோ 50 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுச் சேமிப்பு 1,800 ரூபாய். போற்றத்தக்க திறமைதான். ஆனால் அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் வெந்த சோற்றிலும் குறையுமே. அந்தக் குறை யார் தட்டில் விழும்? முதலில் உண்பவன் தட்டில் விழாது. பிள்ளைகள் தட்டில் விழ அவள் விடமாட்டாள். கடைசியில் உண்பவள் தட்டில்தான் விழும்.

அதே வீட்டில் பிள்ளைக்குக் காது குத்தினர். அல்லது பெண்ணுக்குப் பூப்பு நீராட்டு விழா நடத்தினர். உறவினர் மூக்கில் விரல் வைக்கும்படி செய்ய வேண்டும் என்று 20,000 ரூபாய் கடன். நூற்றுக்கு இரண்டு வட்டி. அவள் நகைதான் ஈடு. மாதம் 400 ரூபாய் வட்டி; ஆண்டுக்கு 4,800. இரண்டரை ஆண்டுக்குமேல் அவள் பிடிபிடியாகச் சேர்த்ததை ஒரே ஆண்டின் வட்டி விழுங்கிவிடுகிறது. முதலோ அசையாமல் அப்படியே நிற்கிறது. அரிசியில் பிடி குறைக்கச் சொல்லும் பெரியவர்கள், பந்தலில் ஒரு கால் குறைக்கச் சொல்கிறார்களா? சீர்வரிசைத் தட்டில் ஒன்று குறைக்கச் சொல்கிறார்களா?

வரதட்சணைத் தடைச்சட்டம் 1961-இல் வந்தது. பெருஞ்செலவும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1967-இல் நிறைவேறியது. மாலை மாற்றி உறுதி கூறினால் திருமணம் செல்லும் என்று சட்டமே சொல்கிறது. ஆயினும் மண்டபத்தின் வாடகையில்தான் மணமக்களின் மதிப்பு இருப்பதாக எண்ணுவோர் தொகை குறைந்தபாடில்லை. சீர்திருத்தம் பேசும் வீடுகளிலும் அழைப்பிதழ் மட்டும் சீர்திருந்தி, செலவு திருந்தாமல் இருக்கக் காண்கிறோம். சிக்கனம் வேண்டுவது அங்கே அல்லவா?

கடைசியில் உண்பவள் தட்டில் விழுந்த குறை உடம்பில் தெரியாமல் போகுமா? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை; அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினர்க்கு. மாதவிடாய், மகப்பேறு போன்ற உடற்காரணங்கள் இந்த வேற்றுமையில் உண்டு, மறுக்கவில்லை. இரத்தம் கூடுதலாகச் செலவாகும் உடம்புக்குக் கூடுதலாக உணவு வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு. நம் வீடுகளிலோ அவ்வுடம்புக்குத்தான் கீரையின் தண்டும், குழம்பின் அடியும், பழைய சோறும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதற்குப் பெயர் சிக்கனமா?

மூன்று கேள்விகள்

சிக்கனம் வேண்டாம் என்று எவரேனும் இக்கட்டுரைக்குப் பொருள் கொண்டால் அது நம் கருத்துக்கு நேர்மாறு. ஊதாரித்தனம் ஏழையின் பகை. ஆனால் சிக்கனம் என்று சொல்லப்படுவதெல்லாம் சிக்கனம் ஆகாது. கதையிலோ கட்டுரையிலோ வாழ்க்கையிலோ ஒரு சிக்கனமான குடும்பத்தைக் கண்டால், பாராட்டும் முன்பு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்போம்.

முதலாவது: குறைத்தது யார் பங்கிலிருந்து? வீட்டில் ஒருவேளை குறைந்தால் எல்லார்க்கும் குறைந்ததா? புகையிலையும் தேநீர்க்கடைக் கணக்கும் குறைந்த பிறகு பால் குறைந்ததா, பால் குறைந்த பிறகும் அவை குறையாமல் இருக்கின்றனவா?

இரண்டாவது: கணக்கு யார் கையில்? சம்பளம் எவ்வளவு என்றே அறியாத மனைவியிடம் வருவாய்க்குத் தக வாழ் என்பது, கண்ணைக் கட்டிவிட்டு வழி பார்த்து நட என்பதற்கு ஒப்பாகும். இருவரும் அமர்ந்து வரவும் செலவும் எழுதும் குறிப்பேடு ஒன்று வீட்டில் இருக்கட்டும். அவள் உழைத்த மணிகளும் அதில் ஏறட்டும். பிள்ளைகளும் அதைக் கண்டு வளரட்டும்.

மூன்றாவது: சேமிப்பு யார் பெயரில்? அவள் பிடித்துச் சேர்த்தது யாருடைய மனையாக, யாருடைய வண்டியாக மாறியது? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு மாநாடு கேட்டது. மகளுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுமைக்கும் அது வந்தது. சட்டம் வந்த பிறகும், விட்டுக்கொடுத்தேன் என்று எழுதித் தரும் சகோதரிகளைக் குடும்பப் பாங்கானவர்கள் என்று மெச்சும் வாய்கள் மூடவில்லை. விட்டுக்கொடுக்கும் பெருமை எப்போதும் ஒருபக்கமே வந்து சேர்வது எப்படி?

இம்மூன்று கேள்விகளுக்கும் வீடு மட்டும் விடை தந்தால் போதாது. அளவறிதல் மன்னனுக்குச் சொன்னது என்று கண்டோமல்லவா? எந்த வீடும் தனித்துச் சேமிக்க முடியாத சில உண்டு. பள்ளிப் பிள்ளையின் சோறு அவற்றுள் தலையாயது. நீதிக்கட்சிக் காலத்தில், 1920-இல், சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் மதிய உணவு தந்தார். காமராசர் 1956-இல் மாநிலப் பள்ளிகளுக்கு அதைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். 2022-இல் காலை உணவும் தொடங்கியது. பள்ளியில் பிள்ளை உண்ணும் ஒவ்வொரு கவளமும் வீட்டில் தாயின் தட்டுக்குத் திரும்பிவரும் கவளம் என்பதை, பகல் மணி அடித்ததும் தட்டேந்தி நிற்கும் வரிசையை நாள்தோறும் காணும் நாம் அறிவோம். குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது அதற்கு உதவித்தொகை என்று பெயரிடவில்லை. உரிமைத்தொகை என்று பெயரிட்டது. சரியான சொல். ஆனால் அந்தத் தொகை அவள் கைக்கு வந்த மாதமே, அவன் தரும் வீட்டுச் செலவில் அதே அளவு குறைந்துவிட்டால், உரிமை பெற்றவர் யார்?

எழுதும் தோழர்களுக்கு ஒரு சொல். பெண்ணின் பசியைப் பாடும் பாடல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. உண்ணாமல் உண்டேன் என்று பொய் சொல்லும் தாயைத் திரையிலும் கதையிலும் கண்டு கண்ணீர் விட்டாயிற்று. அந்தக் கண்ணீர் நமக்குச் சுகமாக இருக்கிறது. அவள் தட்டு நிரம்பவில்லை. உப்பில்லாக் கீரையையும் ஒன்றாக அமர்ந்து உண்ட பாணர் குடும்பம் நம் மரபில்தான் இருக்கிறது. கணக்கை உன்னிடமே விட்டேன் என்று சொன்ன புலவரும் நம் மரபில்தான் இருக்கிறார். அந்த வீடுகளை எழுதுங்கள். அரிசி குறைந்த அன்று தந்தையும் தன் தட்டில் ஒரு பிடி குறைத்துக்கொள்ளும் கதையை எழுதுங்கள். மனைவி அரைக்கும்போது கணவன் துணி துவைக்கும் காட்சியை, அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல் எழுதுங்கள். வாசிக்கும் வீடுகளில் ஒன்றிரண்டிலேனும் இன்றிரவு எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் வைக்கப்படுமானால், எழுத்து வீணாகவில்லை என்று கொள்ளலாம்.